வரியக் குறைச்சதாலதான் ட்ரேட் டெஃபிசிட்டா? மோல்டோவா ப்ராஜெக்ட் தம்பிக்கு ஏற்காட்டுல இருந்து ஒரு நீளமான பதில்

தம்பி, மத்தவங்க படிச்சாலும் புரியணும், அதனால உங்க கேள்விய முதல்ல ஒரு தடவ சொல்லிடறேன். நீங்க சேலத்துல எம்ஏ எக்கனாமிக்ஸ் ரெண்டாவது வருஷம், ப்ராஜெக்ட்டுக்கு மோல்டோவாவ எடுத்திருக்கீங்க. சோவியத் யூனியன்ல இருந்து பிரிஞ்ச குட்டி நாடு, 2001ல உலக வர்த்தக அமைப்புல சேர்ந்துச்சு, இறக்குமதி வரி ரொம்பக் கம்மி, அதுக்கப்புறம் பார்த்தா இறக்குமதி ஏற்றுமதிய விட ரெண்டு மடங்குக்கு மேல போயிடுச்சு. "அப்ப தாராளமயமாக்கல்தான் ட்ரேட் பேலன்ஸ கெடுத்துச்சுன்னு முடிவுரைல எழுதிடலாமா சார்?" இதான் கேள்வி. ட்ரேட் பேலன்ஸ்னா ஏற்றுமதி கழித்தல் இறக்குமதி, தாராளமயமாக்கல்னா வர்த்தகத்து மேல இருக்கற வரியையும் கட்டுப்பாட்டையும் தளர்த்தறது.

எழுதாதீங்க தம்பி. அது பாதி உண்மை, ஆனா அந்தப் பாதிய மட்டும் எழுதினா மோல்டோவால என்ன நடந்துச்சுங்கிறதே மறைஞ்சு போயிடும். வரியக் குறைச்சா இறக்குமதி வேகமா ஏறும், ஏற்றுமதி மெதுவா ஏறும், அதனால கொஞ்ச வருஷம் ரெண்டுக்கும் நடுவுல பள்ளம் விழும், அதான் ட்ரேட் டெஃபிசிட், இது சரி. ஆனா அந்தப் பள்ளம் எவ்ளோ ஆழம் போகும், எத்தன வருஷம் நிக்கும்ங்கிறத வரி முடிவு பண்றதில்ல, அந்தப் பள்ளத்த ரொப்பறதுக்கு காசு எங்க இருந்து வருதுங்கிறதுதான் முடிவு பண்ணுது. நான் கீழ சொல்றது எல்லாமே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

நான் 28 வருஷம் சேலத்துல காலேஜ்ல இந்தப் பாடம் எடுத்தவன், ரிட்டையர் ஆனதுக்கு அப்புறம் ஏற்காட்டுல நாகலூர் பக்கம் அப்பா விட்டுட்டுப் போன நாலு ஏக்கர் காபித் தோட்டத்தப் பார்த்துக்கறேன், அதனால உதாரணம் எல்லாம் காபி மிளகுன்னுதான் வரும், பொறுத்துக்கோங்க.

முதல்ல வேகம். காபி நாத்து நட்டா முதல் காய்ப்பப் பார்க்கவே மூணு நாலு வருஷம் ஆகும், அதுக்குள்ள நிழல் மரம் பார்க்கணும், உரம் வைக்கணும், தண்டு துளைப்பான் வராம காபந்து பண்ணணும், பைசா வராது. அதே நேரத்துல வெளிய இருந்து ஒரு பொருள் நம்ம ஊருக்குள்ள வரணும்னா என்ன வேணும்? ஒரு வியாபாரி, ஒரு லாரி, கைல கொஞ்சம் டாலர், அவ்ளோதான். திங்கக்கிழம வரியக் குறைச்சா அடுத்த மாசமே கடைல சரக்கு நிக்கும். ஆனா அதே வரிக்குறைப்பால இயந்திரம் சல்லிசா கெடைச்சு, அத வச்சு ஒருத்தர் ஃபேக்டரி போட்டு, ஆளப் பழக்கி, வெளிநாட்டுல வாங்கற ஆளத் தேடிப் புடிச்சு, லேப் சர்டிஃபிகேட் வாங்கி, முதல் கன்டெய்னர அனுப்பறதுக்குள்ள அஞ்சு வருஷம் ஓடிடும். சோவியத் நாடுகள்ல இது இன்னும் கஷ்டம், ஏன்னா அங்க இருந்த ஃபேக்டரி எல்லாம் ஒரே ஒரு வாங்குற ஆளுக்காக கட்டுனது. மாஸ்கோ சொன்ன சைஸ், மாஸ்கோ சொன்ன கலர், மாஸ்கோ சொன்ன தேதி. அந்தச் சரக்க எடுத்துக்கிட்டு மியூனிக் போனா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.

இதுக்கு மேல ஒரு சின்னக் கணக்கு இருக்கு, என் கிளாஸ்ல ஒவ்வொரு வருஷமும் போடுவேன். ஒரு நாட்டோட இறக்குமதி 100, ஏற்றுமதி 60, பற்றாக்குறை 40. வரியக் குறைச்சதும் இறக்குமதி 20 சதவீதம் ஏறுது, ஏற்றுமதி அத விட வேகமா 25 சதவீதம் ஏறுது. கேக்கறப்ப நல்லாத்தான இருக்கு? போட்டுப் பாருங்க, 120 கழித்தல் 75, பற்றாக்குறை 45. ஏற்றுமதி வேகமா வளர்ந்தும் பள்ளம் பெருசாயிடுச்சு, காரணம் ஆரம்பத்துலயே ரெண்டும் ஒரே உயரத்துல நிக்கல. பழைய 40லயே நிக்கணும்னா ஏற்றுமதி 60ல இருந்து 80க்கு, அதாவது 33 சதவீதத்துக்கு மேல போகணும். பற்றாக்குறையோட ஆரம்பிக்கிற நாட்டுக்கு "ஏற்றுமதி வளர்ச்சி விகிதம் அதிகம்"ங்கிற வாக்கியம் மட்டும் போதாது, உங்க ரெண்டாவது சாப்டர்ல இந்த வாக்கியம் வருது, அத மாத்துங்க.

தாராளமயமாக்கல்தான் காரணம்னு உங்க கைடு சொல்றதுக்கும் ஆதாரம் இருக்கு, அதையும் மரியாதையா சேர்த்துக்கோங்க. சாண்டோஸ் பாலினோ, தர்ல்வால்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2004ல 22 வளரும் நாடுகள எடுத்து பார்த்தாங்க, தாராளமயமாக்கல் ஏற்றுமதியையும் கூட்டுச்சு, இறக்குமதிய அத விட அதிகமா கூட்டுச்சு, மொத்தத்துல ட்ரேட் பேலன்ஸ் மோசமாச்சுன்னு வந்துச்சு. நல்ல வேலை அது, நான் அத எதுத்துப் பேசல. ஆனா அது "என்ன ஆச்சு"ன்னு சொல்லுது, ஒரு குறிப்பிட்ட நாட்டுல "ஏன் இவ்ளோ ஆச்சு"ன்னு கேட்டா அந்தப் பதில் பத்தாது. அதுவும் கம்யூனிசத்துல இருந்து மாறின நாடுன்னா சுத்தமா பத்தாது, ஏன்னா அங்க வரி மட்டும் தனியா மாறல, எல்லாமே ஒரே நேரத்துல இடிஞ்சு விழுந்துச்சு.

அத கொஞ்சம் பாருங்க. சோவியத்தும் கிழக்கு ஐரோப்பாவும் 1949ல இருந்து கோமெகான்னு ஒரு பொருளாதாரக் கூட்டு வச்சிருந்தாங்க, அதுக்குள்ள விலை எல்லாம் உலகச் சந்தை விலை கிடையாது, எண்ணெயும் எரிவாயுவும் சல்லிசு, பதிலுக்கு டிராக்டரோ ஒயினோ துணியோ குடுத்தா போதும். 1991ல அது கலைஞ்சுது, அதே வருஷம் சோவியத்தும் உடைஞ்சுது. மோல்டோவாவுக்கு சொந்தமா எரிவாயு கிடையாது, எண்ணெயும் கிடையாது, அதுவரைக்கும் கிட்டத்தட்ட சும்மா வந்த எரிசக்திக்கு இனிமே டாலர் எண்ணி வைக்கணும். அதே நாள்ல அவங்க ஒயின் வாங்குன ஆளு கைல காசு இல்ல. இறக்குமதி பில்லு ஏறுது, ஏற்றுமதி விழுது, இதுல இறக்குமதி வரி எங்க வந்துச்சு? வரிய அப்படியே வச்சிருந்தாலும் பள்ளம் விழுந்திருக்கும்.

இந்த இடி நம்ம மலைக்கும் கேட்டுச்சு தம்பி, அதான் எனக்கு இது புத்தக விஷயமா தெரியல. ரூபாய் வர்த்தக ஒப்பந்தத்துல சோவியத் யூனியன் இந்தியக் காபிய பெருசா வாங்கிட்டு இருந்துச்சு. டாலர் வேணாம், ரூபாயிலேயே கணக்கு. தோட்டக்காரங்க பார்ச்மென்ட்டும் (தோல் உரிச்சுக் கழுவிக் காயவச்சது) செர்ரியுமா (பழத்தோட காயவச்சது) காபி போர்டு பூல்ல, அதாவது எல்லார் காபியையும் சேர்த்து போர்டே விக்கற பொதுக் கிடங்குல, போடுவாங்க, அது எங்க போகுதுன்னு பெரும்பாலானவங்களுக்குத் தெரியாது. 89ல, எந்த நாடு எவ்ளோ காபி ஏற்றுமதி பண்ணலாம்னு அளவு வச்சிருந்த உலகக் காபி ஒப்பந்தத்தோட கோட்டா முறை உடைஞ்சு விலை விழுந்துச்சு, அதுக்கு ரெண்டு வருஷத்துல ரஷ்யா பக்கமும் அறுந்துச்சு. அந்த வருஷம் அப்பா களத்துல காயப்போட்ட காபிய காலால தள்ளிக்கிட்டே "ஏண்டா, வாங்கறவன் நாடே இல்லாமப் போயிடுச்சாம்ல"ன்னு என்கிட்ட கேட்டது இன்னும் காதுல இருக்கு. அதுக்கு அப்புறம் படிப்படியா பூல் முறைய தளர்த்தி, 96ல எல்லா விவசாயியும் காபிய யாருக்கு வேணா விக்கலாம்னு ஆச்சு. தாராளமயமாக்கல்னா இறக்குமதி வரி மட்டும் இல்ல, ஏற்றுமதி பக்கத்துல இருந்த பூட்டத் திறக்கறதும்தான், மாறின நாடுகள்லயும் ஆரம்பத்துல ஏற்றுமதிக்கு கோட்டா, லைசென்ஸ், அரசு ஆர்டர்னு ஏகப்பட்ட பூட்டு இருந்துச்சு. உங்க ப்ராஜெக்ட்ல இந்தப் பக்கத்தப் பத்தி ஒரு வாக்கியம் கூட இல்ல, அது பெரிய விடுபடல்.

அடுத்து நாணயம். என் அபிப்பிராயத்துல வரிய விட இதுக்குத்தான் நீங்க அதிக பக்கம் குடுக்கணும். போலந்து சின்ன நாடு இல்ல, ஆனா பாடம் அங்கதான் தெளிவா இருக்கு. 1990 ஜனவரி ஒண்ணாந் தேதி ஒரே நாள்ல கதவத் தொறந்தாங்க, அதே நாள் அவங்க நாணயம் ஸ்லாட்டிய நல்லா மதிப்புக் குறைச்சு டாலருக்கு 9500ன்னு கட்டிட்டாங்க. என்ன ஆச்சு? அந்த வருஷம் ட்ரேட் சர்ப்ளஸ்! கதவத் தொறந்த வருஷமே உபரி. ஏன்னா வெளிநாட்டுச் சரக்கு வரி இல்லாமலும் விலை கூடுதல், உள்ள ஜனங்க கைல காசு இல்ல, கம்பெனிக்கு வெளிய வித்தாத்தான் பொழைப்பு. அதுக்கப்புறம் உள்ள விலைவாசி ஏற ஏற, கட்டி வச்ச நாணயத்தோட நிஜ மதிப்பு ஏறிப்போச்சு, அப்பறம்தான் பற்றாக்குறை வந்துச்சு. வரியக் குறைக்கும்போது நாணயம் எந்த நிலைல இருக்குங்கிறத பொறுத்து ஒரே மருந்து ரெண்டு விதமா வேலை செய்யும். மதிப்புக் குறைப்பு கூட உடனே வேலை செய்யாதுங்கிறதையும் எழுதுங்க, ஏற்கனவே போட்ட ஆர்டருக்கு பழைய அளவுல புது விலை குடுக்கணும், அதனால முதல்ல இன்னும் மோசமாகி அப்பறம்தான் மேல வரும், ஜே எழுத்து மாதிரி. ஏற்றுமதி இறக்குமதி ரெண்டோட விலை நெகிழ்ச்சியும் (விலை மாறினா வாங்கற அளவு எவ்ளோ மாறும்ங்கிறது) சேர்ந்து ஒண்ணுக்கு மேல இருக்கணும்ங்கிற மார்ஷல் லெர்னர் நிபந்தனை உங்க சிலபஸ்லயே இருக்கு, அத தேத்திட்டு வாங்க.

இப்ப எஸ்தோனியா, பால்டிக் கடலோரத்துல இருக்கற பழைய சோவியத் நாடு. எனக்கு ரொம்பப் புடிச்ச உதாரணம் இது, கொஞ்சம் நின்னு பார்க்கலாம். ஜனத்தொகை 13 லட்சம் சொச்சம். நம்ம சேலம் மாவட்டமே 2011 சென்சஸ்ல கிட்டத்தட்ட 35 லட்சம், அதுல பாதி கூட இல்லாத நாடு. 1992 ஜூன்ல சொந்தமா க்ரூன்னு நாணயம் விட்டு, 8 க்ரூனுக்கு ஒரு ஜெர்மன் மார்க்னு கட்டினாங்க, இறக்குமதி வரிய கிட்டத்தட்ட மொத்தமாவே தூக்கிட்டாங்க. 90கள்ல உலகத்துல அவ்ளோ தொறந்த வாசல் ரொம்பக் கொஞ்சம், 2004 மே மாசம் ஐரோப்பிய யூனியன்ல சேரும்போது இவங்க வரிய குறைக்க வேண்டி வரல, புதுசா போட வேண்டி வந்துச்சு! பற்றாக்குறை இருந்துச்சா? இருந்துச்சு. ஆனா என்ன வந்துச்சுன்னு பாருங்க, பின்லாந்து ஸ்வீடன் கம்பெனிங்க உள்ள வந்து மெஷின் இறக்குனாங்க, எலக்ட்ரானிக்ஸ் பாகம் இறக்குனாங்க, அத கோத்து திருப்பி அனுப்பினாங்க. ஒரு சின்ன நாட்டுல ஒரே ஒரு பெரிய ஃபேக்டரிக்கு மெஷின் வந்தாலே அந்த வருஷத்து இறக்குமதி நம்பர் குதிக்கும், அது நோய் இல்ல, நாத்து நடற செலவு மாதிரி.

அப்பறம் 2005, 06, 07ல கத மாறுது. ஸ்வீடன் பேங்க்குங்க வீட்டுக் கடன் அள்ளிக் குடுத்தாங்க, ஜனங்க வீடு வாங்கினாங்க, கார் வாங்கினாங்க, 2007ல எஸ்தோனியாவோட நடப்புக் கணக்குப் பற்றாக்குறை (சரக்கு, சேவை, வெளிய இருந்து வர்ற போற வருமானம், பணம் எல்லாம் சேர்ந்த கணக்கு) ஜிடிபில 15 சதவீதம் கிட்ட போயிடுச்சு. அடுத்த வருஷம் கடன் நின்னுச்சு. 2009ல பொருளாதாரம் 14 சதவீதம் கிட்ட சுருங்குச்சு, அதே வருஷம் நடப்புக் கணக்கு உபரிக்கு வந்துடுச்சு. 15 சதவீதப் பற்றாக்குறைல இருந்து உபரிக்கு, ரெண்டே வருஷத்துல. இந்த ரெண்டு வருஷத்துல இறக்குமதி வரி எவ்ளோ மாறுச்சு? ஒண்ணும் மாறல, ஐரோப்பிய யூனியன் வரி அப்படியேதான் இருந்துச்சு. பெருசா மாறுனது கடன்தான். இத உங்க கைடுகிட்ட காட்டுங்க.

இதுக்குப் பின்னாடி இருக்கற சமன்பாடு உங்களுக்குத் தெரிஞ்சதுதான், நாட்டோட சேமிப்பு கழித்தல் முதலீடு, அதான் நடப்புக் கணக்கு. ஒரு நாடு சம்பாதிக்கறத விட கூடுதலா செலவு பண்ணுதுன்னா வித்தியாசம் வெளிய இருந்து வந்தே ஆகணும், வேற வழி கிடையாது. எங்க ஊர்ப் பக்கம் ஒரு வீடு இருக்கு, பையன் சிங்கப்பூர்ல வெல்டர், மாசா மாசம் பணம் வரும், வீட்டுல புது ஃப்ரிட்ஜ், டைல்ஸ், பொண்ணுக்கு ஸ்கூட்டி. அந்த வீட்டுக்கணக்க மட்டும் தனியாப் பார்த்தா விக்கறது ரெண்டு மூட்ட காபி, வாங்கறது லட்சக்கணக்குல, பயங்கரமான ட்ரேட் டெஃபிசிட். கடைக்காரர் ஃப்ரிட்ஜ் விலையக் குறைச்சதாலயா அந்தப் பற்றாக்குறை வந்துச்சு? பையன் பணம் அனுப்பலேன்னா விலை பாதியானாலும் அந்த வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வராது.

மோல்டோவா அப்படியே அந்த வீடுதான் தம்பி. இன்னைக்கு சுமார் 24 லட்சம் பேர் இருக்கற நாட்டுல இருந்து லட்சக்கணக்கான பேரு ரஷ்யாவுக்கு கட்டட வேலைக்கும் இத்தாலிக்கு வயசானவங்களப் பார்த்துக்கற வேலைக்கும் போனாங்க, 2006, 2007, 2008 வாக்குல அவங்க அனுப்புன பணம் மட்டும் ஜிடிபில 30 சதவீதம் சுத்தி. 2008ல இறக்குமதி ஏற்றுமதிய விட மூணு மடங்கு. அடுத்த வருஷம் உலகமே சுருங்கினப்ப வெளிய இருந்து வர்ற பணமும் வெட்டு விழுந்துச்சு, உடனே இறக்குமதி மூணுல ஒரு பங்கு விழுந்துடுச்சு. வரிய யாரும் ஏத்தல. பணம் நின்னா இறக்குமதி நிக்குது, பணம் வந்தா வருது, இந்த ரெண்டு கோட்டையும் ஒரே கிராஃப்ல போடுங்க, உங்க ப்ராஜெக்ட்ல வேற எந்தப் படமும் அவ்ளோ பேசாது.

இதுல ஒரு வேதனையும் இருக்கு. வெளிய இருந்து பணம் நெறைய வந்தா நாணயம் பலமாகும், உள்ள கூலி ஏறும், வேலைக்கு ஆள் கெடைக்காது, அப்ப உள்ளூர்ல திராட்சத் தோட்டமோ தையல் யூனிட்டோ வச்சு ஏற்றுமதி பண்றவனுக்கு கட்டாது. அதாவது பள்ளத்த ரொப்பற பணமே பள்ளத்தத் தோண்டவும் செய்யுது. எங்க மலைல பழம் பறிக்க ஆள் கெடைக்காம டிசம்பர்ல பழம் செடியிலேயே காஞ்சு போறத பார்த்தவன் நான், படிச்சப் பசங்க கீழ எறங்கி திருப்பூர் பெங்களூர்னு போயிடறாங்க, அவங்கள நான் குத்தம் சொல்லல, போகணும்தான். ஆனா மோல்டோவா விவசாயியோட நெலம எனக்கு நல்லாவே புரியுது.

ஏற்றுமதி நம்பரையும் அப்படியே நம்பாதீங்க. செவ்வாய்ப்பேட்டைப் பக்கமோ சிவதாபுரம் பக்கமோ ஒரு கொலுசுப் பட்டறைக்குப் போயிட்டு வாங்க, ப்ராஜெக்ட்டுக்கு அதுவும் ஃபீல்டு வொர்க்தான். வியாபாரி வெள்ளிக் கட்டிய எடை போட்டு குடுப்பாரு, பட்டறைல உருக்கி கம்பியிழுத்து சங்கிலி கோத்து, பொம்பளைங்க வீட்டுல ஒக்காந்து ஒவ்வொண்ணா பத்தவச்சு, மெருகு போட்டு, திரும்ப எடை போட்டு குடுக்கணும். சேதாரம் இவ்ளோ, கூலி இவ்ளோன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதுவாங்க. நான் ஒரு தடவ நின்னு பார்த்தப்ப தராசுத் தட்டுல கொலுசு, பக்கத்துல அந்தச் சீட்டு. தட்டுல இருக்கற சரக்கோட விலை லட்சத்துல, சீட்டுல எழுதின கூலி ஆயிரத்துல. சேலத்துல இருந்து கொலுசு வெளிய போற மதிப்பப் பார்த்தா பிரமிப்பா இருக்கும், சேலத்துல தங்கறது அந்தச் சீட்டுல இருக்கறது மட்டும்தான்.

அல்பேனியாவோட துணி, செருப்பு ஏற்றுமதி இதேதான். இத்தாலிக் கம்பெனி துணியும் தோலும் அனுப்பும், அங்க தைச்சு திரும்ப இத்தாலிக்கே போகும், அதுக்கு அவங்க ஊர்ல ஃபாசோன்னு பேரு, நம்ம பாஷைல ஜாப் வொர்க். மோல்டோவால பெல்ட்ஸி ஊர்ல 2007ல இருந்து ஒரு ஜெர்மன் கம்பெனி காருக்கு வயரிங் கட்டுது, செப்புக் கம்பி உள்ள வரும், வயர் கட்டா வெளிய போகும், இன்னைக்கு அந்த நாட்டு ஏற்றுமதில அது பெரிய ஐட்டம். இந்த மாதிரி நாட்டுல ஏற்றுமதி ஏறினா கூடவே இறக்குமதியும் ஏறியே தீரும், கையப் புடிச்சுக்கிட்டு போற ரெண்டு புள்ளைங்க மாதிரி. இங்கதான் வரிக்குறைப்போட நல்ல பக்கம் இருக்கு. உள்ள வர்ற கம்பிக்கு வரி போட்டா வெளிய போற வயருக்கு வரி போட்ட மாதிரி ஆயிடும், பொருளாதார நிபுணர் லெர்னர் 1936லயே சொன்னது, இறக்குமதி வரிங்கிறது சுத்தி வந்து ஏற்றுமதி மேலயே விழும்னு. அதனால வரிய திரும்ப ஏத்தினா பள்ளம் மூடிடும்னு நெனைக்கிறது தப்பு. வரிய ஏத்தினா இறக்குமதி கொறையும், ஏற்றுமதியும் கொறையும், பள்ளம் அங்கேயே இருக்கும், ஜனங்களுக்கு வேலை மட்டும் போயிருக்கும்.

கிர்கிஸ்தான் ஒரு தனி ரகம். 1998 டிசம்பர்ல உலக வர்த்தக அமைப்புல சேர்ந்துச்சு, பழைய சோவியத் நாடுகள்ல அதுதான் முதல். வரி கம்மிங்கிறதால சீனத்துச் சரக்கு அங்க எறங்கி, பிஷ்கெக் பக்கத்துல தோர்தோய் பஜார்னு ஒரு ராட்சசச் சந்தை வந்துச்சு, கன்டெய்னர ரெண்டடுக்கா அடுக்கி, கீழ கடை, மேல குடோன், அங்க இருந்து கசகஸ்தான் ரஷ்யான்னு மூட்ட மூட்டையா போகும். இதுல பாதி கணக்குலயே வராது. சீனா "நாங்க கிர்கிஸ்தானுக்கு இவ்ளோ அனுப்பினோம்"னு சொல்ற நம்பர் கிர்கிஸ்தான் "நாங்க சீனால இருந்து இவ்ளோ வாங்கினோம்"னு சொல்ற நம்பர விட பல மடங்கு. அப்ப எந்த ட்ரேட் பேலன்ஸ வச்சு நீங்க ரிக்ரெஷன் (எது எதால மாறுதுன்னு பார்க்கற புள்ளிவிவரக் கணக்கு) போடுவீங்க? 2015 ஆகஸ்ட்ல அவங்க ரஷ்யாவோட யூரேசியப் பொருளாதார யூனியன்ல சேர்ந்ததும் சீனச் சரக்குக்கு வரி ஏறி அந்த பஜாருக்கு அடி விழுந்துச்சு. ஜார்ஜியாவும் பாருங்க, 2006ல பெரும்பாலான வரிய எடுத்துட்டு 0, 5, 12ன்னு மூணே படி வச்சாங்க, 2023ல அவங்க முதல் ஏற்றுமதிப் பொருள் கார், அந்த நாடு கார் தயாரிக்கறதே இல்ல, வெளிய இருந்து பழைய கார் வாங்கி பக்கத்து நாட்டுக்கு விக்கறாங்க.

வாங்குற ஆள் பத்தி ஒரு வார்த்த. 2006 மார்ச்ல ரஷ்யா மோல்டோவா ஒயினுக்கும் ஜார்ஜியா ஒயினுக்கும் தடை போட்டுச்சு, மோல்டோவா ஒயின்ல பெரும்பங்கு அங்கதான் போயிட்டு இருந்துச்சு, ஒரே நாள்ல கதவு சாத்தியாச்சு. 2013ல இன்னொரு தடவ. நீங்க உங்க வரிய எவ்ளோ குறைச்சாலும் எதிர்ல இருக்கறவன் கதவ சாத்துனா உங்க ஏற்றுமதிக்கு வழி இல்ல, தாராளமயமாக்கல்னு ஒரு டம்மி வேரியபிள் (நடக்கலன்னா 0, நடந்துச்சுன்னா 1) போட்டு 2001க்கு அப்புறம் எல்லாத்தையும் 1ன்னு வச்சீங்கன்னா இந்த அடி எல்லாம் அந்த 1 மேல பழியா விழும். 2014 செப்டம்பர்ல இருந்து ஐரோப்பிய யூனியனோட ஒப்பந்தம் அமலுக்கு வந்துச்சு, இப்ப ஏற்றுமதில பெரும்பங்கு அந்தப் பக்கம்தான். ஆனா அங்கயும் வரி பூஜ்யம்னதும் எல்லாம் போயிடல, மிருகங்கள்கிட்ட இருந்து வர்ற பொருள்ல தேன் தவிர பெரும்பாலானதுக்கு அனுமதி கெடைக்கவே வருஷக்கணக்கு ஆச்சு, லேப், கால்நடை டாக்டர், குளிர்பதனக் கிடங்கு எல்லாம் ஐரோப்பாத் தரத்துல இருக்கணும். சின்ன நாட்டு அரசாங்கம் காசு போட வேண்டிய இடம் இதுதான்னு நான் உறுதியா நம்பறேன், வரிப் பட்டியல்ல இல்ல.

நான் இவ்ளோ சொன்னதால தாராளமயமாக்கலால யாருக்கும் வலி இல்லேன்னு சொல்றதா எடுத்துக்காதீங்க. 2016 வாக்குல கிலோ 700 ரூபா கிட்ட வித்த மிளகு ரெண்டே வருஷத்துல 400க்கு கீழ வந்துச்சு. எங்க காபிக்கு நடுவுல சில்வர் ஓக் மரத்துல ஏறி நிக்கற மிளகுக்கொடிதான் எங்களுக்கு பொங்கல் செலவு, புள்ளைங்க ஃபீஸ் எல்லாம். சாக்கு கட்டி, இருபது கொண்டை ஊசி வளைவும் எறங்கி சேலம் லீ பஜாருக்கு கொண்டு போனேன். வியாபாரி ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கைல தேய்ச்சார், மோந்து பார்த்தார், "உங்க சரக்கு நல்ல சரக்குதாங்க, காரம் இருக்கு"ன்னாரு, பக்கத்து மூட்டையில இருந்து இன்னொரு கைப்பிடி எடுத்து என் கைல போட்டாரு, மணி பெருசு, எடை லேசு, வாசம் கம்மி. "வெளிநாட்டு மொளகு. ஹோட்டல்காரருக்கு இது போதும்ங்க, உங்க வெலைக்கு அவர் எதுக்கு வாங்கப்போறாரு"ன்னாரு. அவர் மேல எனக்கு கோவம் வரல, ஆனா மூட்டைய திருப்பி ஏத்தவும் மனசு வரல, சொன்ன வெலைக்கு குடுத்துட்டு வந்தேன். வியட்நாம் மிளகு இலங்கை வழியா சலுகை வரில வருதுன்னு அப்ப பெரிய புகார் இருந்துச்சு, 2017 டிசம்பர்ல மத்திய அரசு கிலோ 500 ரூபாய்க்கு கீழ இறக்குமதி கூடாதுன்னு குறைந்தபட்ச விலை வச்சாங்க.

இதுல உங்களுக்கு என்ன பாடம்னா, அந்த மிளகு இந்தியாவோட ட்ரேட் பேலன்ஸ்ல கண்ணுக்கே தெரியாத தூசி. ஆனா ஏற்காட்டுலயும் குடகுலயும் அது வீட்டு அடுப்பு. ட்ரேட் பேலன்ஸ்ங்கிறது அந்த வலிய அளக்கற தராசே இல்ல. மோல்டோவாலயும் பற்றாக்குறை 3 சதவீதம் கூடுச்சா குறைஞ்சுதாங்கிறத விட எந்த ஊர்ல எந்த வேலை போச்சு, அந்த ஆளுங்க எங்க போனாங்கங்கிறது பெரிய கேள்வி, பதில் பெரும்பாலும் "இத்தாலிக்கு போயிட்டாங்க"ன்னு வரும், அவங்க அனுப்புன பணம்தான் மேல சொன்ன அந்த 30 சதவீதம்.

சரி, வேலைக்கு வரேன். சரக்கு வர்த்தகத்த மட்டும் எடுக்காதீங்க, சேவையையும், வெளிநாட்டுல இருக்கறவங்க அனுப்பற பணத்தையும் டேபிள்ல தனித்தனி வரிசையா வைங்க. எஸ்தோனியா மாதிரி நாட்டுக்கு சரக்குல பற்றாக்குறை, போக்குவரத்து டூரிசம் ஐடில உபரி, சரக்க மட்டும் பார்த்தா தப்பா படிப்பீங்க. டம்மிக்கு பதிலா நிஜமா வசூலான சுங்கத்த இறக்குமதி மதிப்பால வகுத்து வருஷா வருஷம் ஒரு விகிதம் எடுங்க. நிஜ நாணய மாற்று விகிதம் (விலைவாசி வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்த்த நாணய மதிப்பு), ரஷ்யா, ஐரோப்பா ரெண்டோட வளர்ச்சி, எரிசக்தி விலை, இதெல்லாம் ரிக்ரெஷன் சமன்பாட்டோட வலது பக்கம், அதாவது காரணங்கள் பக்கம், இருக்கணும். இறக்குமதிய மெஷின், கச்சாப்பொருள், நேரா ஜனங்க வாங்கற பொருள், எரிசக்தின்னு நாலா பிரிங்க, பள்ளம் எந்த வகையால விழுந்துச்சுன்னு அதுலதான் தெரியும். 2006, 2009, 2013, 2014 இந்த நாலு வருஷத்தையும் தனியா குறிச்சு வைங்க. 30 சொச்சம் வருஷத்து டேட்டாவுக்கு இத்தன வேரியபிள் தாங்காதுன்னு கைடு சொல்வாரு, அது நியாயம், அதனால காலாண்டு டேட்டா எடுங்க, இல்லேன்னா ஜார்ஜியா, அர்மீனியா, அல்பேனியா, வட மாசிடோனியா, கிர்கிஸ்தான சேர்த்து பேனலா (பல நாட்டோட பல வருஷத்து டேட்டாவ ஒண்ணா வச்சு) பண்ணுங்க, கிர்கிஸ்தானுக்கு மட்டும் சீனா பக்கத்து நம்பரையும் வச்சு ஒரு தடவ ஓட்டிப் பாருங்க.

மூணாவது சாப்டர் திருத்தி முடிச்சதும் எடுத்துக்கிட்டு மேல வாங்க தம்பி. ஒண்டிக்கடைல எறங்கி நாகலூர் பஸ் ஏறணும், ஞாயித்துக்கிழம கூட்டமா இருக்கும், வேற நாள் வாங்க. அந்த கிராஃப் போட்டு எடுத்துட்டு வாங்க, வெளிநாட்டுப் பணம் ஒரு கோடு, இறக்குமதி ஒரு கோடு.